கீறல் எங்கே போகிறது?

பத்து வருடம் ஓடிய கறுப்பு கார் ஒன்று மழையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பானெட்டில் ஒரு கோடுகூடத் தெரியாது. அன்றைக்குத்தான் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுபோல மின்னும். மழை விட்டு வெயில் ஏறித் தகடு காய்ந்ததும் அத்தனை கீறல்களும் இருந்த இடத்திலேயே மறுபடி தெரியும். தண்ணீர் எதையும் தேய்க்கவில்லை, எதையும் ஒட்டவைக்கவில்லை. இருந்தும் ஈரம் இருந்தவரை கீறல் கண்ணில் படவில்லை. கார் பாலிஷ் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த ஈரமான பானெட்டில் இருக்கிறது. அதற்குப் போகுமுன் அந்தத் தகட்டின் மேல் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இன்றைய காரின் உருக்குத் தகட்டின் மேல் முதலில் துத்தநாக பாஸ்பேட்டின் மெல்லிய படலம் ஏறுகிறது. அடுத்து, முழு உடலையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருவைத் தடுக்கும் படலம் ஒன்றைப் படியவைக்கிறார்கள். இதன் தடிமன் சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் பிரைமர், 30 முதல் 40 மைக்ரான். பிறகு நிறத்தைத் தரும் பேஸ் கோட், 10 முதல் 20 மைக்ரான். கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது, நாம் 'காரின் பளபளப்பு' என்று சொல்லும் மேல் படலம் ஒரு முடியைவிட மெல்லியது. பாலிஷ் போடுகிறவருக்கு வேலை செய்யக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில், குதிரை வண்டிகளுக்குப் பூசிய அதே வார்னிஷைத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசினார்கள். ஒரு வண்டி காய்ந்து வெளியே போக வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டு வந்த பிறகுதான் அது மணிக்கணக்காகக் குறைந்தது. டூகோ என்ற பெயரில் விற்ற அந்த லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் ஆண்டு ஓக்லாண்ட் கார்களில் நீல நிறத்தில் வந்தது. நம் ஊர் பட்டறைகளில் ஸ்பிரே பெயின்டையே இன்றும் டூகோ என்று சொல்பவர்கள் உண்டு. இந்த லாக்கருக்கு ஒரு குறை இருந்தது. தெளித்துக் காய்ந்தபின் அது மங்கலாகத்தான் இருக்கும். தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளக்கும். சில வருட வெயிலில் மறுபடி மங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். பாலிஷ் டப்பா வண்டிக்காரரின் வீட்டுப் பொருளானது அந்தக் காலத்தில்.

அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் கையால் தேய்த்துத் துடைத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாலிஷ் போட்ட துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கார்களில் பெரும்பாலும் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருந்தன. வெயிலின் புற ஊதாக் கதிர் மேலே உள்ள பிசினை அரிக்கும். பிடிமானம் இழந்த நிறமித் துகள்கள் சுண்ணாம்புப் பொடிபோல வெளியே பூக்கும். பாலிஷ் அந்தச் செத்த தோலை உரித்து, கீழே உள்ள நல்ல நிறத்தை வெளியே கொண்டுவந்தது. பழைய காலத்தில் பாலிஷின் முக்கிய வேலை அதுதான். 1980-களில் கிளியர் கோட் பரவலானபோது அந்தத் தேவை பெருமளவு போய்விட்டது. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது: நிறமில்லாத, ஆழமாகப் பளபளக்கும் படலத்தில் மெல்லிய கீறல்கூட எடுப்பாகத் தெரிந்தது.

கீறல் ஏன் தெரிகிறது? அது வெறும் பள்ளம். அதற்கென்று நிறம் இல்லை. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. ஒளி காற்றிலிருந்து அந்தப் படலத்துக்குள் நேராக நுழையும்போது, இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியால் 100-க்கு 4 பங்கு ஒளி திரும்பிவிடுகிறது. மேற்பரப்பு சமமாக இருந்தால் அந்த 4 பங்கும் ஒரே திசையில், ஒழுங்காகத் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். பானெட்டில் மின்கம்பமும் மேகமும் தெரிவது அதனால்தான். பள்ளத்தின் சரிவில் விழும் ஒளிக்கு அந்த ஒழுங்கு இல்லை. அது பக்கவாட்டில் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பகுதி உங்கள் கண்ணுக்கு வருகிறது. கறுப்பு கார் மேலே விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், சிதறி வரும் அந்தச் சிறு ஒளி வெள்ளிக் கம்பியாக நிற்கும். வெள்ளை காரிலும் அதே கீறல்கள் உண்டு. அடியிலிருந்து வரும் வெள்ளொளி அவற்றை மூழ்கடித்துவிடுகிறது.

எவ்வளவு சிறிய மேடுபள்ளத்தைக் கண் மன்னிக்கும் என்பதற்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு ஒரு கணக்கு வைத்தார். நேராக விழும் ஒளிக்கு, மேடுபள்ளத்தின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அந்தப் பரப்பைச் சமமானது என்றே கொள்ளலாம். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். எட்டில் ஒன்று சுமார் 70 நானோமீட்டர். மைக்ரானில் பதினான்கில் ஒரு பங்குதான். இதே கணக்குப்படி, ஒளி சாய்வாக வரும்போது இன்னும் பெரிய மேடுபள்ளங்களும் மறைந்துபோகும். திரும்பும் ஒளியின் பங்கும் ஏறும். 80 பாகைச் சாய்வில் 4 பங்கு 39 பங்காகிறது. கார் விளம்பரப் படங்களில் கேமரா தாழ்வாக வந்து பக்கவாட்டைத் தடவிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வெயிலில் நிறுத்திய காரில் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியுமல்லவா? வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்திருந்தால் வந்திருக்காது என்று பலர் சொல்வார்கள். அந்த வட்டங்கள் பெயின்டில் இல்லை. ஒவ்வொரு நுண்கீறலும் தனக்குக் குறுக்காக மட்டுமே ஒளியை விசிறிவிடும். எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஆயிரம் கீறல்கள் இருந்தாலும், சூரியனின் பிரதிபலிப்பிலிருந்து பார்க்கும்போது குறுக்காகக் கிடப்பவை மட்டுமே உங்கள் கண்ணுக்கு ஒளி அனுப்பும். குறுக்காகக் கிடக்கும் துண்டுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது வட்டம். இரண்டடி நகர்ந்து பாருங்கள். வட்டங்கள் சூரியனோடு சேர்ந்து நகரும். இப்போது தெரிபவை வேறு கீறல்கள். எவர்சில்வர் தட்டில், குழல் விளக்கில் அல்ல, ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் இதையே காணலாம். இரவில் பழைய பேருந்தின் கண்ணாடி வழியே தெருவிளக்கைப் பார்த்தாலும் அதைச் சுற்றி இந்த வட்டம் இருக்கும். ஆகவே நிழலில் நிற்கும் காரைப் பார்த்துக் 'கீறலே இல்லை' என்று சொல்வதில் பொருள் இல்லை. சிறிய, கூர்மையான ஒளிமூலம் வேண்டும்.

இனி பாலிஷுக்கு வரலாம். கீறல் என்பது பெயின்ட் இல்லாமல்போன இடம். போன பெயின்டை எந்த டப்பாவும் திருப்பித் தர முடியாது. செய்யக்கூடியவை இரண்டே. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை அடிமட்டம் வரை வெட்டி இறக்கலாம். அல்லது பள்ளத்தில் வேறெதையாவது நிரப்பலாம். முதலாவது கீறலைப் போக்குகிறது, இரண்டாவது மறைக்கிறது. பட்டறையில் 'ரப்பிங்' என்று சொல்வது பெரும்பாலும் முதலாவது. கடையில் வாங்கிக் கையால் தேய்க்கும் பாலிஷ்களில் பல இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்திருப்பவை.

வெட்டுவதா, இழுத்து மூடுவதா என்ற கேள்வியே அறிவியலில் இரண்டரை நூற்றாண்டு நடந்த வழக்கு. 1704-இல் நியூட்டன் தம் ஒளியியல் நூலில், மெருகேற்றுவது என்பது கீறுவதுதான் என்று எழுதினார். மணலாலும் மெல்லிய பொடிகளாலும் தேய்க்கும்போது பெரிய கீறல்கள் சிறிய கீறல்களாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்ததும் அதை மெருகு என்கிறோம். நுண்ணோக்கியில் கூர்மையான கத்தி முனைகளைப் பார்த்த ராபர்ட் ஹூக்கும் அதற்கு முன்பே இதே முடிவின் பக்கம்தான் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் வேதியியலாளர் ஜார்ஜ் பெய்ல்பி இதை மறுத்தார். மெருகேற்றும்போது உலோகத்தின் மேல் தோல் திரவம்போல வழிந்து, பள்ளங்களை மூடி உறைகிறது என்றார் அவர். அவர் காட்டிய சான்று வலுவானது: பளபளப்பாக்கிய உலோகத்தை அமிலத்தில் அரித்தால், மறைந்துபோன பழைய கீறல்கள் மீண்டும் தோன்றின. கீறல் போகவில்லை, தோலுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும்.

1937-இல் கேம்பிரிட்ஜில் பவுடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் பெய்ல்பிக்குச் சாதகமாகவே அமைந்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று கற்பூரம். விரலால் நசுக்கினால் பொடியாகும் கற்பூரம், சுமார் 70 பாகை செல்சியஸில் உருகும் ஒருவகைக் கலப்பு உலோகத்துக்கு மெருகேற்றியது. தன்னைவிட அதிக வெப்பத்தில் உருகும் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கற்பூரம் உருகுவது 180 பாகைக்குச் சற்றுக் கீழே. கடினத்தைவிட உருகுநிலையே முக்கியம், உராய்வின் சூட்டில் நுனிகள் இளகி வழிகின்றன என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். 1950-களில் ஆஸ்திரேலிய உலோகவியலாளர் லெனர்டு சாமுவேல்ஸ் நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்து வழக்கை மறுபடி நியூட்டன் பக்கம் திருப்பினார். மெருகேற்றும் துகள்கள் மிகச் சிறிய உளிகளாகவே வேலை செய்கின்றன. சீவல்கள் உண்டு, வெட்டுத்தடங்கள் உண்டு. அமிலத்தில் திரும்பி வந்தது புதைந்த கீறல் இல்லை. கீறல் விழுந்தபோது அதன் அடியில் நசுங்கிச் சிதைந்த உலோகம் அமிலத்துக்கு வேறுவிதமாக இடம்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கார் பெயின்டில் இந்தத் தீர்ப்பு இன்னும் உறுதியாகப் பொருந்தும். கிளியர் கோட்டின் அக்ரிலிக், யூரித்தேன் மூலக்கூறுகள் குறுக்கே பின்னிக்கொண்டு ஒரே வலையாகிவிட்டவை. சூடாக்கினால் அவை உருகி ஓடாது, அதிகமானால் கருகும். ஆகவே காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டுப் பஃபிங் இயந்திரத்தை ஓட்டும்போது பெயின்ட் வழிந்து கீறலை மூடுவதில்லை. அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்கள் அதைச் சீவி எடுக்கின்றன. கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10 என்றால் அலுமினியம் ஆக்சைடு 9. இரண்டாயிரம் எண் எமரித்தாளில் இதன் துகள் சுமார் 10 மைக்ரான். நல்ல பாலிஷில் அதைவிடப் பல மடங்கு சிறியது. சில பாலிஷ்களில் நுண்துகள்கள் கொத்தாகச் சேர்ந்திருக்கும். முதலில் கொத்தாக வெட்டும். அழுத்தத்தில் உடைந்து உடைந்து நுண்ணியதாகி, தான் போட்ட கோட்டைத் தானே அழிக்கும். அதை உடைய விடாமல் பாதியில் துடைத்து எடுத்தாலும், துணியும் பஞ்சும் கரடாக இருந்தாலும், பழைய கீறல் போய்ப் புதிய கீறல் நிற்கும். சுழல் இயந்திரத்தை மட்டும் வைத்து அவசரமாக முடித்த கறுப்பு கார்களில் வெயிலில் ஓடும் நிழல்போன்ற பட்டைகளைப் பார்க்கலாம். அவை ஒரே திசையில் அடுக்காக விழுந்த நுண்கீறல்கள்.

2 மைக்ரான் ஆழக் கீறல் ஒன்றை முழுதாகப் போக்க, அந்தப் பகுதி முழுவதும் 2 மைக்ரான் இறங்க வேண்டும். அதுவே 8 மைக்ரான் ஆழம் என்றால், 40 மைக்ரான் படலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அனுபவமுள்ள பாலிஷ்காரர் அதற்குப் போகமாட்டார். கீறலின் விளிம்பை மட்டும் மழுக்கி, சரிவைச் சாய்வாக்கி நிறுத்திக்கொள்வார். கூர்விளிம்பு போனாலே சிதறும் ஒளியில் பெரும்பகுதி போய்விடும். கீறல் இருக்கும், கண்ணை உறுத்தாது. இந்த நிதானம் உள்ளவரை நான் மதிக்கிறேன். 'ஒரு கோடுகூட இல்லாமல் எடுத்துத் தருகிறேன்' என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கத் தயங்குவேன்.

ஏனென்றால், அந்தப் படலம் பளபளப்புக்காக மட்டும் இல்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் அதில் கரைந்திருக்கின்றன. கீழே உள்ள நிறத்தையும், படலங்களுக்கு இடையிலுள்ள பிடிப்பையும் காப்பவை அவை. தடிமன் குறையும்போது உள்ளே புகும் கதிர் நேராகக் கூடுவதில்லை, பெருக்கலாகக் கூடுகிறது. 40 மைக்ரான் படலம் ஒரு குறிப்பிட்ட புற ஊதாக் கதிரில் 100-க்கு 1 பங்கை மட்டும் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே படலத்தைப் பாதியாக, 20 மைக்ரானாகத் தேய்த்துவிட்டால் உள்ளே போவது 2 பங்கு இல்லை, 10 பங்கு. பத்து மடங்கு வெயில். கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் தோல் உரிந்து, கீழே மங்கிய நிறம் தெரியும் கார்களில் சிலவற்றுக்கு வயது மட்டும் காரணமில்லை. வருடந்தோறும் ஓட்டிய பஃபிங் இயந்திரமும் காரணம். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக நிற்கும். இயந்திரம் அங்கே இரண்டு நொடி அதிகம் நின்றால் பேஸ் கோட் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்பிரே கன்தான்.

நிரப்பும் முறைக்கு வரும்போது நனைந்த பானெட் மீண்டும் உதவுகிறது. கீறல் தெரிவதற்குக் காரணம் 1.5-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் காற்றின் இடத்தில் 1.33 வருகிறது. பள்ளத்தின் சுவரில் திரும்பும் ஒளி 4 பங்கிலிருந்து 0.36 பங்காக, ஏறத்தாழ பதினொன்றில் ஒன்றாகக் குறைகிறது. தண்ணீரின் மேற்பரப்போ தானாகவே சமமாக நிற்கிறது. கனிம எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. அதை நிரப்பினால் சுவரில் திரும்புவது 0.01 பங்குதான், காற்று இருந்தபோது திரும்பியதில் சுமார் நானூறில் ஒன்று. ஒளிக்கு அங்கே ஒரு சுவர் இருப்பதே தெரியாது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல மறுபக்கத்தைக் காட்டுவதும் இதே விதியால்தான்: நார்களுக்கு நடுவே இருந்த காற்றை, நாரின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான எண்ணெய் வெளியேற்றிவிட்டது.

பாலிஷ் டப்பாக்களில் எண்ணெயும் மெழுகும் சேர்வதன் இரகசியம் இது. எண்ணெய், தேய்க்கும்போது வழுக்கலும் தருகிறது, சூட்டையும் தணிக்கிறது. ஆனால் தேய்த்து முடித்ததும் கிடைக்கும் அந்த ஆழமான, ஈரம் சொட்டும் பளபளப்பில் அதன் பங்கு பெரிது. மெழுகுகளில் புகழ்பெற்றது கார்னௌபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. 82 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் மற்ற மெழுகுகளைவிட வெயிலைத் தாங்கும். தேன்மெழுகு 62 பாகையைத் தாண்டியதும் இளகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் கூரை அந்தச் சூட்டை எளிதில் எட்டும்.

நிரப்பியது எத்தனை நாள் நிற்கும்? தண்ணீர் நிமிடங்களில் போகிறது. எண்ணெயும் மெழுகும் சில வாரங்கள், மெழுகு நன்றாக இருந்தால் சில மாதங்கள். ஷாம்பு போட்ட ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் போகும். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டால் விரைவாகப் போகும். போனதும் கீறல்கள் அனைத்தும் பழைய ஆழத்தோடு அங்கே இருக்கும். இன்னொரு வரம்பும் உண்டு. எண்ணெய் மறைப்பது கிளியர் கோட்டுக்குள் நின்றுவிட்ட கீறலை மட்டும். பேஸ் கோட்டைக் கிழித்துச் சாம்பல்நிறப் பிரைமர் தெரியும் கீறலில் சிக்கல் ஒளிச்சிதறல் இல்லை, நிறமே இல்லாததுதான். ஒளிபுகும் எதை நிரப்பினாலும் சாம்பல் சாம்பலாகவே தெரியும். அதற்கு டச்சப் பெயின்ட் வேண்டும். உருக்கே தெரிந்தால் துருப்பிடிக்கும் முன், அந்த வாரத்திலேயே வேண்டும். சில பாலிஷ்கள் அங்கே நிலைமையை மோசமாக்கும். அவற்றில் இருக்கும் வெண்களிமண் போன்ற பொடிகள் பள்ளத்தில் தங்கி, எண்ணெய் வற்றியதும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எண்ணெய் இருந்தவரை ஒளிபுகவிட்ட அதே பொடி, துகள்களுக்கிடையே காற்று புகுந்ததும் வெண்மையாகிறது.

எந்தக் கீறல் எந்த வகை என்று அறிய நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள் பெயின்டர்கள். நகம் மாட்டினால் பாலிஷில் போகாது. மாட்டாமல் வழுக்கினால் முயலலாம். எளிய, நம்பத்தக்க வழி. கையின் நுட்பம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. சமமான பரப்பையும், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மடிப்புகள் கொண்ட பரப்பையும் விரல் நுனி வேறுபடுத்தி உணரும் என்று ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். கண்ணுக்கு 70 நானோமீட்டர் சமம். விரலுக்கு அதுவே கரடு.

இவ்வளவும் கீறல் விழுந்த பிறகு செய்வதைப் பற்றியது. விழுவது எங்கே? பெரும்பாலும் சாலையில் இல்லை, வீட்டு வாசலில்தான். காலையில் காய்ந்த துணியை எடுத்து, இரவெல்லாம் படிந்த தூசியைத் துடைக்கிறோம். தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் அளவில் 7. அது கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் அதற்கு முன் நிற்காது. துணியின் மடிப்பில் சிக்கிய ஒரு துகள், கை போகும் வழியெல்லாம் கோடு போடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில் வரிசையாகப் பத்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டியில் வேலை செய்கிறது. துடைப்பவர் மேல் தவறு இல்லை. தினமும் துடைத்தால்தான் சுத்தம் என்று கேட்பவர்கள் நாம். தூசி படிந்த பெயின்ட் கெட்டுப்போவதில்லை; தூசியோடு தேய்த்த பெயின்ட்தான் கெடுகிறது. வாரம் ஒருமுறை, முதலில் தண்ணீரை அடித்து மண்ணை இறக்கிவிட்டு, ஷாம்பு நுரையோடு மைக்ரோஃபைபர் துணியில், துணியை அலசத் தனி வாளி வைத்துக் கழுவினால் போதும். போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் காய்வதற்குள் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் புள்ளி படிந்தபின் அதைத் தேய்ப்பது இன்னொரு கீறல் வேலை.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9எச் கடினம் என்று சொல்லி விற்கிறார்கள். இந்த 9எச் மோஸ் அளவு இல்லை. பென்சில்களின் அளவு. வரைபடப் பென்சில்களை ஒவ்வொன்றாகப் படலத்தின்மேல் அழுத்தித் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது; அந்த வரிசையின் கடைசிப் பென்சில் 9எச். கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் கீறாத படலத்தைக் குவார்ட்ஸ் கீறும். கோட்டிங்கின் தடிமனும் ஒரு மைக்ரான் அளவில்தான். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் விடும். அவை உண்மையான நன்மைகள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை அது மறைக்காது. அதனால்தான் கோட்டிங் போடும் முன் ஒரு சுற்றுப் பாலிஷ் போடுகிறார்கள். அந்தப் பாலிஷில் கிளியர் கோட் கொஞ்சம் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் பெயின்ட் உண்டா என்றால், ஓரளவு உண்டு. நிசான் நிறுவனம் 2005-இல் அப்படியொரு கிளியர் கோட்டை அறிவித்தது. மீள்தன்மை மிகுந்த பிசின் கலந்த படலம் அது. நுண்கீறல் விழும்போது பொருள் வெட்டுப்படாமல் ஒதுங்க மட்டும் செய்தால், சூட்டையும் ஆழத்தையும் பொறுத்து ஒரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் அது பழைய இடத்துக்கு மீளும். இப்போது காரின்மேல் ஒட்டும் யூரித்தேன் படலங்கள் பலவும் இந்த வழியில் வேலை செய்பவை. வெயில் பட்டால் மெல்லிய கோடுகள் தாமே நிரவிக்கொள்ளும். ஆனால் அங்கேயும் வரம்பு அதேதான். ஒதுங்கிய பொருள் திரும்பும். வெட்டுப்பட்டுப் போன பொருள் திரும்பாது. சாவியால் இழுத்த கோட்டுக்கு எந்தப் பிசினும் உதவாது.

பாலிஷ் போட்டு முடித்த காரை வாங்கும்போது, அல்லது பழைய கார் ஒன்றை விலை பேசும்போது, பார்க்க வேண்டியவை சிலவே. வண்டியை நேர் வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசி விளக்கை அருகில் பிடியுங்கள். பானெட்டின் ஒரு மூலையில், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து உள்ளங்கை அளவுக்கு மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் நிரப்பி மறைத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் கோடுகள் எழுந்து வரும். பெயின்ட் தடிமனைக் காட்டும் சிறு கருவிகளும் இன்று பல பட்டறைகளில் இருக்கின்றன. உருக்கின் காந்தத்தன்மையைக் கொண்டு, மேலே உள்ள படலங்கள் அனைத்தின் மொத்தத் தடிமனையும் அவை மைக்ரானில் சொல்லும். கிளியர் கோட்டை மட்டும் தனியே அளக்க அவற்றால் முடியாது. ஓரிரு மைக்ரான் வித்தியாசத்தை நம்பி முடிவு எடுக்கவும் கூடாது. ஒரு கதவில் 120-உம் அடுத்த கதவில் 300-உம் காட்டினால் இரண்டாவது கதவு மறுபடி பெயின்ட் அடித்தது. ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி இருக்கிறது. பானெட், கூரை, நான்கு கதவுகள் ஆகியவற்றின் அளவுகளைப் பாலிஷுக்கு முன்னும் பின்னும் எழுதி வாங்கி, சர்வீஸ் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கழித்து வேறொருவர் இயந்திரத்தைக் கையில் எடுக்கும்போது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள அந்தத் தாள்தான் வழி.